திருச்சியின் மூட்டுகள்: ஐந்து அலுவலகங்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
மாநகராட்சி ஆணையர், மாவட்ட ஆட்சியர், மாநில நெடுஞ்சாலைத் துறை, தேசிய நெடுஞ்சாலைகள் ஆணையத்தின் திட்ட அலுவலகம், தெற்கு ரயில்வேயின் திருச்சிராப்பள்ளி கோட்டம்.

மதிப்புக்குரியோருக்கு வணக்கம்.

ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரே கடிதம் எழுதுவதற்குக் காரணம் உண்டு. தனித்தனியாக எழுதினால் "இது எங்கள் எல்லையில் வராது" என்று பதில் வரும். பெரும்பாலும் அந்தப் பதில் பொய்யில்லை. திருச்சியின் போக்குவரத்தில் பழுதாகும் இடங்கள் பலவும் உண்மையிலேயே யாருடைய எல்லையிலும் முழுதாக வருவதில்லை. ஒருவர் வேலை முடிந்து இன்னொருவர் வேலை தொடங்கும் இடத்தில்தான் அவை இருக்கின்றன. இந்த நகரத்தில் சாலையும் தண்டவாளமும் பாலமும் எப்படி வந்தன என்று பார்த்தால், சிக்கல் எப்போதும் மூட்டுகளில்தான் என்பது தெரியும்.

மேலப்புலிவார்டு ரோட்டிலிருந்தே தொடங்கலாம். வெளியூர்க்காரர்கள் அந்தப் பெயரில் புலியைத் தேடுவார்கள். அது 'பூல்வார்டு', தமிழ் நாக்கில் புலிவார்டு ஆகிவிட்டது. மலைக்கோட்டையைச் சுற்றி இருந்த மதில், 19ஆம் நூற்றாண்டில் இடிக்கப்பட்டு அகழி தூர்க்கப்பட்ட பின், அந்தக் கோட்டிலேயே சாலை போட்டார்கள். மெயின்கார்டு கேட் மட்டும் மிச்சம். கோட்டைக்குள்ளே பெரிய கடைவீதியும் தெப்பக்குளத்தைச் சுற்றிய தெருக்களும் கால்நடையாகவும் வண்டியிலும் வந்தவர்களுக்கு அமைந்தவை. வெளியே புலிவார்டு ரோடுகள் அகலமானவை. இரண்டும் சந்திக்கும் வாய்கள் குறுகலானவை. இன்றும் சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து கோட்டைப் பகுதிக்குள் நுழையும் இடங்களில் நெரிசல் இருப்பதற்கு, எத்தனை வாகனங்கள் வருகின்றன என்பதோடு இந்தப் பழைய வடிவமும் காரணம். அகழி தூர்த்த நிலத்தில் சாலை போட்டதால் மழைநீர் எங்கே போக வேண்டும் என்பதும் அன்று தொட்டு ஒரு கேள்வி. அந்த வட்டத்தில் ஏதாவது தோண்டும்போது அடியில் பழைய நிரப்பு மண் இருக்கும் என்பதை ஒப்பந்தக்காரருக்கு முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நிரப்பு மண் சீராக அமுங்காது; குழாய் பதித்த பள்ளத்தை 20 செ.மீ. அடுக்குகளாகத் தண்ணீர் தெளித்து இடித்து மூடாவிட்டால் அடுத்த மழைக்கே சாலை உள்வாங்கும்.

அடுத்து ரயில். கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே 1853இல் இங்கிலாந்தில் நிறுவப்பட்டது. நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சை வரை 1861இல் பாதை திறந்து, அடுத்த ஆண்டு திருச்சியை எட்டியது. சுமார் 125 கி.மீ. நீளமும் அகலப்பாதை, அதாவது இரு தண்டவாளங்களுக்கு இடையே 1,676 மி.மீ. மேற்கே 1866இல் கரூர், 1868இல் ஈரோடு. 1874இல் அந்த நிறுவனம் கர்நாடிக் ரயில்வேயுடன் இணைந்து தென்னிந்திய ரயில்வே ஆனது. ஆன கையோடு எடுத்த முடிவு விசித்திரமானது: போட்ட அகலப்பாதையைப் பிடுங்கி 1,000 மி.மீ. மீட்டர் பாதையாக மாற்றினார்கள். நாகை–திருச்சி 1875இல் மாறியது, ஈரோட்டுப் பாதை அந்தப் பத்தாண்டின் முடிவில். அதே 1875இல் திண்டுக்கல் வழி மதுரைக்கும் மீட்டர் பாதை போனது. சிக்கனம்தான் காரணம்: சிறிய மண்கரை, இலேசான தண்டவாளம், சிறிய வண்டி. ஈரோட்டில் அகலப்பாதை வண்டிகள் நிற்க, இந்தப் பக்கம் மீட்டர் பாதை. ஆக, சரக்கு இறக்கி ஏற்றும் வேலை ஈரோட்டுக்குப் போனது. 1920களின் இறுதியில் ஈரோடு–திருச்சியை மறுபடி அகலமாக்கினார்கள். உடனே அந்த வேலை திருச்சிக்கு வந்தது. மூட்டு காணாமல் போகவில்லை, 140 கி.மீ. கிழக்கே நகர்ந்தது, அவ்வளவுதான். விழுப்புரம், தஞ்சை, திண்டுக்கல் பாதைகள் 1990களின் கடைசியில்தான் அகலமாயின; அதுவரை பல பத்தாண்டுகள் திருச்சி ஜங்ஷன் இரண்டு அளவுகளோடு வாழ்ந்தது, புதுக்கோட்டைப் பக்கம் அதற்குப் பின்னும்.

இந்த வரலாற்றை ரயில்வே கோட்டத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்களுடைய அருங்காட்சியகமே ஜங்ஷன் அருகில் இருக்கிறது. மற்ற நால்வருக்காகச் சொல்கிறோம். ஒரு சிக்கலைத் தீர்க்கும்போது அது எந்த இடத்துக்கு இடம் பெயர்கிறது என்று முதலிலேயே கேட்க வேண்டும். பஞ்சப்பூர் பற்றிப் பேசும்போது இதற்குத் திரும்ப வருவோம்.

1920களில் இன்னும் இரண்டு பெரிய வேலைகள் நடந்தன. நாகையிலிருந்த பணிமனை பொன்மலைக்கு மாறியது. நீலகிரி மலை ரயிலுக்கு இப்போதும் நீராவி இன்ஜின் செய்துதரும் பணிமனை அதுதான். 1946 செப்டம்பர் 5 அன்று வேலைநிறுத்தத்தின்போது துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் உயிரிழந்த இடமும் அதுவே. மற்றொன்று விழுப்புரத்திலிருந்து அரியலூர் வழியாக நேராக வந்த 'கார்டு லைன்' எனும் குறுக்குவழிப் பாதை. அது காவிரியையும் கொள்ளிடத்தையும் கடந்து ஸ்ரீரங்கத்தின் வழியே நகருக்குள் வந்தது. தஞ்சை, கும்பகோணம், மயிலாடுதுறை சுற்றிப் போகும் பழைய மெயின் லைனைவிடத் தூரம் குறைவு. ஆனால் அதன் குறுக்கே வெள்ளாறு, மருதையாறு, கொள்ளிடம், காவிரி என்று ஆறுகள். 1956 நவம்பர் 23 விடியலுக்கு முன் அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் போனது; தூத்துக்குடி விரைவு வண்டி ஆற்றுக்குள் இறங்கி நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகியது எல்லோருக்கும் தெரியும். ஆற்றுப் பாலங்களை ரயில்வே எப்படிக் காவல் காக்கிறது என்பது அவ்வளவாகத் தெரியாது. ஒவ்வொரு பாலத்துக்கும் எண் உண்டு. தூணில் அதிகபட்ச வெள்ள மட்டமும் அபாய மட்டமும் பெயின்ட்டில் குறிக்கப்பட்டிருக்கும். மழைக்குப் பின் ஆண்டுதோறும் பொறியாளர் இறங்கிப் பார்த்துப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். மழைக்காலத்தில் ரோந்து உண்டு, ஆபத்தான பாலங்களில் நிலைக்காவலரும் உண்டு.

அதே கொள்ளிடத்தில், சற்றே தள்ளி, 1928இல் கட்டிய இரும்புச் சாலைப் பாலம் இருந்தது. புதிய பாலம் 2016இல் வந்ததும் வாகனங்கள் அதற்கு மாறின. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் பழைய பாலத்தின் தூண்கள் சாய்ந்து, மேலிருந்த இரும்புக் கூண்டுகள் ஆற்றில் விழுந்தன. அதே மாதம் சில நாள் கழித்து முக்கொம்பில் கொள்ளிடம் மேலணையின் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. வெள்ளம் அதிகம் என்று சொல்லி விஷயத்தை முடிக்கலாம். ஆனால் தூண் சாய்வதற்குத் தண்ணீரின் தள்ளுவிசை காரணமாவது அரிது. தூணைச் சுற்றிச் சுழலும் நீர் அடிமணலை அள்ளிக்கொண்டு போவதுதான் காரணம். மணல் படுகையில் தூணருகே வரக்கூடிய அரிப்பு, படுகையின் சராசரி அரிப்பாழத்தைப் போல இரு மடங்கு என்று வைத்துத்தான் இந்தியச் சாலைப் பேரவையின் விதிகள் அடித்தள ஆழத்தைக் கணக்கிடச் சொல்கின்றன. அந்தக் கணக்கு எல்லாம் படுகை மட்டம் பழைய இடத்திலேயே இருக்கும் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. படுகை 3 மீட்டர் இறங்கினால், தூணைத் தாங்கும் அடித்தளக் கிணறு மண்ணுக்குள் பிடித்திருக்கும் ஆழத்தில் 3 மீட்டர் குறைந்துவிட்டது என்று பொருள். மணல் எடுப்பதால் இறங்கலாம், மேலே அணை மணலைத் தடுப்பதால் இறங்கலாம், நீரோட்டம் ஒரே பக்கம் ஒதுங்கிப் பள்ளம் பறிப்பதாலும் இறங்கலாம். பாலத்தின் மேலே நின்று பார்ப்பவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.

இதைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி வேண்டாம். கோடையில் படுகை காய்ந்திருக்கும்போது ஒவ்வொரு தூணின் நான்கு பக்கமும், மேலே 50 மீட்டரிலும் கீழே 50 மீட்டரிலும் மட்டக்கருவி வைத்து அளவெடுத்தால் போதும். வெள்ளம் வடிந்ததும் அதே புள்ளிகளில் மறுபடி. நீர் நிற்கும் இடத்தில் படகிலிருந்து எடைக்கயிறு. இரண்டு பேர் கொண்ட குழு சில நாட்களில் முடிக்கும் வேலை. கட்டும்போது இருந்த படுகை மட்டம் வரைபடத்தில் இருக்கிறது. அதோடு ஒப்பிட வேண்டும். மூன்று ஆண்டுத் தொடர் அளவுகள் கையில் இருந்தால் எந்தத் தூணுக்குக் கல் அரண் கொட்ட வேண்டும் என்று முன்கூட்டியே தெரியும். கொட்டும்போதும் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது: தூணைச் சுற்றி மட்டும் பெருங்கல் குவிப்பார்கள். குவியல் நீரோட்டத்தை நெருக்கிப் பக்கத்துத் தூணுக்கு அரிப்பை அனுப்பும். கல்லுக்கு அடியில் வடிகட்டியாகச் சரளை அடுக்கோ துணியோ இல்லாவிட்டால் கல்லின் சந்துகள் வழியே மணல் உறிஞ்சப்பட்டு, இரண்டு வெள்ளத்தில் கல்லே புதைந்துவிடும்.

இனி காவிரிப் பாலம். இதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறோம். திருச்சியில் அதிகம் பேசப்பட்டு மிகக் குறைவாகப் புரிந்துகொள்ளப்பட்ட பாலம் இது. சிந்தாமணிப் பக்கத்தையும் மாம்பழச்சாலையையும் இணைக்கும் இப்போதைய பாலம் 1976இல் வந்தது. பழுதுபார்ப்புக்காக 2022இன் பிற்பகுதியில் மூடி, 2023 மார்ச்சில் திறந்தார்கள். அந்த மாதங்களில் ஸ்ரீரங்கம் போக வேண்டியவர்கள் சென்னை பைபாஸ் பாலம் வழியாகச் சுற்றினார்கள். மாற்றப்பட்டவற்றில் முக்கியமானவை கண்களுக்கு (ஒரு தூணிலிருந்து அடுத்த தூண் வரையுள்ள தளப் பகுதிதான் கண்) இடையிலான விரிவு இணைப்புகளும் தாங்கிகளும். பலரும் கேட்டார்கள்: "இத்தனை மாதம் இதற்காகவா?" ஆம், இதற்காகத்தான். ஏன் என்று பாருங்கள்.

கான்கிரீட் ஒரு டிகிரி வெப்பத்துக்கு மீட்டருக்கு 0.012 மி.மீ. நீளும். 35 மீட்டர் நீளமுள்ள ஒரு கண், மார்கழிக் குளிருக்கும் சித்திரை வெயிலுக்கும் நடுவே தளத்தில் 30 டிகிரி வித்தியாசம் என்றால், 12 மி.மீ.க்கும் மேல் நீண்டு சுருங்கும். அந்த அசைவுக்கு இடம்விட்டுத்தான் இரு கண்களுக்கு நடுவே இடைவெளி வைக்கிறார்கள். இரண்டு விளிம்பிலும் இரும்புச் சட்டம், நடுவே நியோபிரீன் ரப்பர்ப் பட்டை. தளத்துக்குக் கீழே, தூணின் தலையில், தாங்கிகள். ரப்பர்ப் பட்டையின் மேல் மண்ணும் ஜல்லித்தூளும் அடைந்தால், கோடையில் கண் நீளும்போது ரப்பர் கிழியும். கிழிந்த வழியே மழைநீர் நேராகத் தாங்கியின் மேல் இறங்கும். இரும்புத் தாங்கி என்றால் துருப்பிடித்து இறுகும், ரப்பர்த் தாங்கி என்றால் மண்சேறு சூழ்ந்து நாளடைவில் வெடிக்கும். தாங்கி அசைய மறுத்ததும், நீள வேண்டிய கண் தூண் தலையை இழுக்கத் தொடங்கும். அங்கே கான்கிரீட் விரிசல் விடும். மேலே இணைப்பின் ஓரக் கான்கிரீட் உடைந்து, வாகனம் ஒவ்வொன்றும் "தடக்" என்று குதிக்கும். ஒவ்வொரு குதிப்பும் அந்த விளிம்பில் ஒரு சம்மட்டி அடி.

பயணிகள் கேட்கும் அந்தத் தடக் சத்தம் நோயின் கடைசிக் கட்டம். முதல் கட்டம் வெறும் அடைசல். அடைசலை அகற்றக் காற்றழுத்தக் கம்ப்ரசர், கொக்கிக்கம்பி, நாலைந்து ஆள், இரவு பதினொன்றிலிருந்து நான்கு மணி வரை ஒரு தடம் மூடிய போக்குவரத்து, இவ்வளவு போதும். செப்டம்பரில் ஒருமுறை, ஜனவரியில் ஒருமுறை. கடைசிக் கட்டத்தில் செய்ய வேண்டியது வேறு: இணைப்பின் இருபுறமும் கான்கிரீட்டை உடைத்து எடுத்து, கம்பியைச் சுத்தம் செய்து, புதுச் சட்டத்தை அன்றைய வெப்பநிலைக்கு ஏற்ற இடைவெளியில் பொருத்தி, கான்கிரீட் இட்டுப் பதப்படுத்த வேண்டும். தாங்கி மாற்ற, ஒரு தூண் தலையில் உள்ள எல்லா உத்தரங்களையும் ஜாக்கிகள் வைத்து ஒரே சீராகச் சில மி.மீ. தூக்க வேண்டும். ஒரு ஜாக்கி முந்தினால் தளம் முறுக்கிக்கொண்டு விரிசல் விடும். ஆகவேதான் மாதங்கள். இணைப்பு பொருத்தும்போது வெப்பநிலையைக் குறித்து வைக்காததும் ஒரு வழக்கமான பிழை. உச்சி வெயிலில் நடுத்தர இடைவெளி வைத்துப் பொருத்தினால், குளிர்காலத்தில் பட்டை அளவுக்கு மீறி இழுபடும்.

இன்னொரு வழக்கம், தார் மேல் தார். பழைய தளத்தைச் சுரண்டி எடுக்காமல் 5 செ.மீ. புதுத் தார் போட்டால், ஒவ்வொரு சதுர மீட்டரிலும் கூடுதலாக 115 கிலோ ஏறுகிறது. 500 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம் என்று ஒரு பாலத்தை வைத்துக்கொண்டால் 860 டன்னுக்கும் மேல். மூன்று முறை செய்தால் வடிவமைப்பில் இல்லாத 2,500 டன்னைப் பாலம் இரவும் பகலும் சுமக்கும். தார் இணைப்பையும் மூடிவிடும், ஓரத்து வடிகால் குழாய்களையும் அடைத்துவிடும். பாலத்தின் மேல் தார் போட அனுமதி தரும் ஆணையில் "சுரண்டிய ஆழம் எவ்வளவு" என்று ஒரு வரி இருந்தால் இது நிற்கும்.

1976இல் வந்த பாலத்தின் இணைப்புகள் எந்தெந்த ஆண்டு சுத்தம் செய்யப்பட்டன, தாங்கிகளை யார் எப்போது பார்த்தார்கள் என்ற விவரம் பொதுமக்கள் பார்வைக்கு எங்கும் இல்லை. பாலங்களை ஆய்வு செய்யச் சாலைப் பேரவையின் எஸ்.பி. 35 வழிகாட்டி இருக்கிறது. மத்திய அரசின் பால மேலாண்மைத் தரவகம் 2016இலேயே தொடங்கியது. முறை இல்லாமல் இல்லை. திருச்சிக்காரர் ஒருவர் ஸ்ரீரங்கம் போகும் முன் பார்க்கக்கூடிய ஒரு பக்கத் தாளாக அது இல்லை என்பதுதான் எங்கள் குறை.

ஆற்றை விட்டுத் தண்டவாளத்தின் மேலே வருவோம். கோட்டை ரயில் நிலையம் அருகே, மாரிஸ் தியேட்டர் பாலம் என்று ஊரார் சொல்லும் மேம்பாலம் 1866இல் கட்டப்பட்டது. கரூருக்கு ரயில் போன அதே ஆண்டு. மாட்டுவண்டிக்குக் கட்டியது பேருந்தையும் லாரியையும் ஒன்றரை நூற்றாண்டு சுமந்து, இப்போது புதிய பாலத்துக்கு இடம் விட்டிருக்கிறது. ஜங்ஷன் மேம்பாலத்தின் கதை வேறு. பல கைகள் கொண்ட அந்தப் பாலத்தில் மன்னார்புரம் பக்கத்துக் கை பல ஆண்டுகள் அந்தரத்தில் நின்றது. ஒரு ஏக்கருக்கும் குறைவான ராணுவ நிலம் கைமாற வேண்டியிருந்தது. 2023இல்தான் அது தரையைத் தொட்டது. ரயில்வே மேம்பாலங்களில் தண்டவாளத்துக்கு நேர் மேலே உள்ள பகுதியை ரயில்வேயும், இருபக்க ஏறுசாலைகளை நெடுஞ்சாலைத் துறையும் கட்டுவது வழக்கம். இரண்டு வரைபடம், இரண்டு டெண்டர், இரண்டு காலக்கெடு. இரு பகுதியும் சேரும் கோட்டில் தள மட்டம் 2 செ.மீ. மாறினால் போதும், மேலே சொன்ன சம்மட்டி அடி முதல் நாளே தொடங்கும். கோட்டை மேம்பாலத்துக்கு இருதரப்பும் கையெழுத்திட்ட ஒரே மட்டப் பட்டியலும், ஒரே வடிகால் வரைபடமும் வேண்டும். முடிந்தபின் அந்தச் சேரும் கோட்டைப் பராமரிப்பவர் யார் என்று பெயர்ப்பலகையிலேயே இருக்க வேண்டும். இடிக்கும்போது கழற்றிய 1866ஆம் ஆண்டின் கல்லும் வளைவுச் செங்கலும் கொஞ்சமாவது ரயில்வே அருங்காட்சியகத்தில் போய்ச் சேரட்டும். பாலத்தின் மூல வரைபடம் எங்காவது அலமாரியில் இருந்தால், துணியில் வரைந்த பழைய வரைபடங்கள் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மடிக்காமல், சுருட்டாமல், தட்டையாக வைத்து ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள்.

பொன்மலை ஜி கார்னரில் 2024 ஜனவரியில் தேசிய நெடுஞ்சாலைப் பாலத்தின் ஏறுசாலைச் சுவர் பிதுங்கிச் சரிந்ததும் இதே இனம். அது வலுவூட்டிய மண் சுவர் வகை: வெளியே கான்கிரீட் பலகைகள், உள்ளே அடுக்கடுக்காக மண், அதற்குள் கிடையாகப் பட்டைகள் அல்லது வலைகள். மண்ணின் எடையே பட்டைகளை இறுகப் பிடித்துக்கொள்ளும். இந்த வகைச் சுவருக்குப் பொதுவாக எமன் தண்ணீர்தான். தார்ச்சாலைக்கும் ஓரத் தடுப்புச் சுவருக்கும் நடுவே ஒரு விரல் அகலம் பிளவு விட்டால் மழை முழுவதும் அதன் வழியே உள்ளே இறங்கும். பலகைக்குப் பின்னால் வைக்க வேண்டிய 60 செ.மீ. வடிகட்டி ஜல்லி அடைபட்டாலோ, நிரப்பு மண்ணில் நுண்துகள் 15 சதவீதத்துக்கு மேல் கலந்திருந்தாலோ, தண்ணீர் வெளியேறாமல் சுவரைத் தள்ளும். முதல் அறிகுறி பலகை மூட்டுகளில் மண் கசிவு, அடுத்தது மேலே சாலையில் நீளவாக்கில் விரிசல். அந்த விரிசலைத் தார் ஊற்றி மூடுவதற்கு ஆகும் செலவு, நெடுஞ்சாலையில் ஒரு நாள் போக்குவரத்தைத் திருப்பிவிடும் செலவில் பொடிக் காசு. நகரைச் சுற்றியுள்ள ஏறுசாலைகள் அனைத்தையும் ஐப்பசி மழைக்கு முன் ஒருவர் நடந்து பார்த்தால் போதும். நடந்துதான் பார்க்க வேண்டும், ஜீப்பிலிருந்து இது தெரியாது.

பால்பண்ணை முதல் துவாக்குடி வரை, நெடுஞ்சாலையை ஒட்டி உள்ளூர் வாகனங்களுக்காகக் கேட்கப்படும் அணுகுசாலையைப் பற்றி ஊரே பேசிக் களைத்துவிட்டது. சுமார் 14.5 கி.மீ., பல ஆண்டு வழக்கு. ஒரே ஒரு வரி மட்டும்: அணுகுசாலை இல்லாத நால்வழிச் சாலையில் எதிர்த்திசையில் வரும் இருசக்கர வாகனக்காரரை மட்டும் குற்றம் சொல்வதில் பயனில்லை.

பஞ்சப்பூர். ஒருங்கிணைந்த பேருந்து முனையம் 2025 மே மாதம் திறக்கப்பட்டு ஜூலை 16 முதல் வெளியூர்ப் பேருந்துகள் அங்கிருந்து ஓடுகின்றன. மத்திய பேருந்து நிலையத்தின் நெரிசலைப் பார்த்தவர் யாரும் இடமாற்றத்தைக் குறை சொல்ல மாட்டார். ஆனால் பழைய நிலையத்துக்கு ஒரு குணம் இருந்தது: ரயிலிலிருந்து இறங்கி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஐந்து நிமிடம் நடந்தால் பேருந்து. ஈரோட்டு மீட்டர் பாதைக் கதைதான் மறுபடியும். நெரிசல் தீர்ந்தது, ஏற்றி இறக்கும் வேலை பயணியின் தலைக்கு மாறியது. இதைச் சரிசெய்ய மெட்ரோ வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஜங்ஷன் வாசலிலேயே பஞ்சப்பூருக்கான நகரப் பேருந்து நிற்கத் தனிக் கூடம் வேண்டும், ரோட்டோரம் கை காட்டி நிறுத்துவது கூடாது. மலைக்கோட்டை விரைவு வண்டி போன்ற இரவு ரயில்கள் வந்துசேரும் பின்னிரவு, அதிகாலை நேரங்களில் ரயில் தாமதமானால் பேருந்தும் காத்திருக்கும்படி, நிலையக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து நேரக்காப்பாளருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதும். புறப்படும் நேரங்கள் ரயில் நிலையத்துக்குள்ளேயே, தமிழில், வெளியேறும் வாசலுக்கு முன்னால் இருக்க வேண்டும். வெளியே வந்த பிறகு பலகை தெரிந்து பயனில்லை, அதற்குள் ஆட்டோ பேரம் தொடங்கிவிடும்.

நகருக்குள் தண்டவாளத்தையே பயன்படுத்தலாமே என்று பலர் கேட்கிறார்கள். வரைபடத்தை விரித்தால் ஆசை வருவது இயல்பு: கார்டு லைனில் பொன்மலை, டவுன், ஸ்ரீரங்கம், உத்தமர்கோவில், தஞ்சைப் பாதையில் மஞ்சத்திடல், திருவெறும்பூர், ஈரோட்டுப் பாதையில் பாலக்கரை, கோட்டை. இவ்வளவு நிலையங்கள் ஒரு நகரத்துக்குள் இருப்பது சாதாரணமில்லை. இவை ஒரே பாதையில் இல்லை என்பதுதான் சிக்கல். கோட்டை நிலையமும் டவுன் நிலையமும் பெயரில் சகோதரர்கள், ஆனால் வேறு வேறு தண்டவாளத்தில் இருக்கின்றன. எல்லாம் ஜங்ஷனை நோக்கி விரல்கள்போல வருகின்றன. விரலுக்கு விரல் தாவ முடியாது. கார்டு லைனில் விரைவு வண்டிகள் அடுத்தடுத்து ஓடுவதால் நின்று நின்று போகும் வண்டிக்கு இடம் குறைவு. ஆகவே தனிப் புறநகர் ரயில் என்ற பெரிய பேச்சை இப்போதைக்கு ஒத்திவைத்து, இருக்கும் பாசஞ்சர், மெமு (குறுந்தூர மின்சார ரயில்) வண்டிகளின் நேரத்தைக் காலை அலுவலக நேரத்துக்குப் பொருத்துவதையும், திருவெறும்பூர், ஸ்ரீரங்கம் ஆகிய இரண்டு நிலையங்களிலாவது அந்த வண்டிகள் வரும் நேரத்துக்கு நகரப் பேருந்து நிற்பதையும் முதலில் செய்து பார்க்கலாம். ஆறு மாதம் ஓடவிட்டு ஏறி இறங்கியவர்களை எண்ணினால், மேற்கொண்டு பேச எண்கள் கிடைக்கும்.

எங்கள் கோரிக்கை ஒரு பதிவேடு. நகர எல்லைக்குள்ளும் அதையொட்டியும் உள்ள ஒவ்வொரு பாலம், மேம்பாலம், சுரங்கப்பாதைக்கும் ஒரு பக்கம். அதில் எந்த மீட்டரிலிருந்து எந்த மீட்டர் வரை எந்த அலுவலகத்தின் பொறுப்பு, இணைப்புகள் கடைசியாகச் சுத்தமான தேதி, தாங்கிகளை நேரில் பார்த்த தேதி, இப்போதைய தார்த் தடிமன், வடிகால் குழாய்களில் எத்தனை திறந்திருக்கின்றன, ஆற்றுப் பாலம் என்றால் தூண்வாரியாகப் படுகை மட்டம். ஐந்து அலுவலகங்களும் தங்கள் பகுதியை நிரப்பி, ஆட்சியர் அலுவலகம் ஒன்றாகத் தொகுத்து மாநகராட்சியின் தளத்தில் வைக்கலாம். ரகசியம் எதுவும் இதில் இல்லை. கட்டியவர் யார், திறந்துவைத்தவர் யார் என்ற கல்வெட்டுகள் ஏற்கெனவே இருக்கின்றன, அவை போதும்.

பதிவேடு தயாராகும் வரை காத்திராமல் செய்யக்கூடியது ஒன்று. வரும் புரட்டாசிக்குள் காவிரி, கொள்ளிடம், குடமுருட்டி சாலைப் பாலங்களின் தூண்களில், ரயில்வே செய்வதுபோல, அதிகபட்ச வெள்ள மட்டத்தையும் அபாய மட்டத்தையும் பெயின்ட்டில் குறித்துவையுங்கள். ஒவ்வொரு தூணுக்கும் எண்ணும் எழுதுங்கள். பாலத்தின் எந்தப் பக்கத்திலிருந்து எண்ணத் தொடங்குவது என்பதை முதலில் ஐந்து அலுவலகங்களும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

இப்படிக்கு,
திருச்சியின் சாலைகளையும் ரயில் பாதைகளையும் பாலங்களையும் தொழிலாகவும் ஈடுபாட்டாலும் கவனித்துவரும் சிலர்
திருச்சிராப்பள்ளி